மீன்குஞ்சு விடும் முன் ஏரியைக் கொஞ்சம் அளந்து பாருங்கள்: பாஸ் மீன்கள் குறித்து ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மீன்வளத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: ஏரியில் உள்ள பாஸ் மீன்களைக் கணக்கெடுத்து முடிவை வெளியிடவும், அதுவரை புதிதாகக் குஞ்சு விடுவதை நிறுத்திவைக்கவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இந்த ஏரியில் தூண்டில் போடுகிற நாங்கள் சேர்ந்து எழுதும் மனு இது. படகுத்துறையில் இப்போது ஒரே பேச்சுதான்: பாஸ் முன்னைப் போல இல்லை. பழைய ஆட்கள் ஏரி செத்துப்போச்சு என்கிறார்கள். படகு முனையில் புதுச் சோனார் (தண்ணீருக்கடியில் உள்ள மீனைத் திரையில் காட்டும் கருவி) மாட்டியவர்களோ மீன் அப்படியேதான் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்கிறார்கள். இரண்டு தரப்பிடமும் ஆதாரம் என்று இருப்பது செல்போன் படங்கள்தான்.

இதற்கிடையில் குறையைச் சரிசெய்யக் குஞ்சு விடப்போவதாகக் கேள்விப்படுகிறோம். எண்ணம் நல்லதுதான், ஆனால் அவசரம் வேண்டாம். எங்கள் தூண்டிலில் வருகிறதைப் பார்த்தால் எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை, ஒரு அடி, அதைவிட ஒரு விரல் கூட என்கிற அளவில் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் தலை மட்டும் பெரிதாக இருக்கிறது, வயிறு ஒட்டி, முதுகில் சதையே இல்லை. கண்ணில் படாமல் போனது பெரிய மீன்தான். பிடித்ததைத் திரும்ப விடுவது நல்ல பழக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருமே ஒரு மீனைக்கூட எடுத்துப்போகாத ஏரியில் நடுத்தர மீன்கள் பெருகி, இரைக்கு அடித்துக்கொண்டு, எல்லாம் ஒரே அளவில் நின்றுவிடுவதும் உண்டு. அங்கே மேலும் குஞ்சைக் கொண்டுவந்து விட்டால், சோறு பற்றாத வீட்டுக்கு விருந்தாளியை அழைத்த கதைதான்.

சரி, இதுவும் எங்கள் ஊகம்தான். அதனால்தான் அளக்கச் சொல்கிறோம். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மேலே வரும் மீனை வலையில் அள்ளி, நீளமும் எடையும் எடுத்துவிட்டுத் திரும்ப விடும் முறை உங்கள் துறைக்குப் புதிதல்ல. 8 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பாஸ்களில் 12 அங்குலத்தை எட்டியவை நூற்றுக்கு எத்தனை என்று பாருங்கள். 40 முதல் 70 வரை இருந்தால் மீன்கூட்டம் சமநிலையில் இருப்பதாகக் கொள்வது வழக்கம். 15 அங்குலத்தை எட்டியவற்றைத் தனியாகச் சொல்லுங்கள், எங்கள் சண்டையே அதைப் பற்றித்தான். சில மீன்களின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து வயதும் பார்க்க வேண்டும். அந்த மீன்கள் சாகும், பரவாயில்லை. 13 அங்குல மீனுக்கு வயது மூன்றா ஏழா என்று தெரிந்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

ஒன்று மட்டும். மின்சார முறை கரையோர ஆழமில்லாத தண்ணீரில்தான் நன்றாக வேலை செய்யும், ஆழத்தில் கிடக்கும் பெரிய மீன் அதில் தப்பிவிடும். ஆகவே படகுத்துறையில் ஆள் நிறுத்தி, எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எத்தனை வந்தது, படகில் என்ன சோனார் இருக்கிறது என்றும் கேளுங்கள். சோனார் கேள்வியை விட்டுவிடாதீர்கள்: மீன் இருக்கும் இடத்தைத் திரையில் பார்த்தே வீசுகிற காலத்தில், ஏரியில் மீன் குறைந்தாலும் பிடிபடுவது குறையாமல் தெரியலாம்.

இது அணை கட்டி உண்டான ஏரி. இப்படிப்பட்ட ஏரிகளில் முதல் சில ஆண்டுகள் மீன் கொழுத்து வளரும், அப்புறம் மூழ்கிய மரங்கள் மக்கி, வண்டல் சேர்ந்து, அந்த வேகம் தணியும். அதற்கு மேல் கரையோர நீர்க்களையை ஒரே மூச்சில் மருந்தடித்து அழித்தால் குஞ்சு ஒளிய இடமே இருக்காது. ஹைட்ரில்லா என்கிற நீர்க்களை படகு விசிறியில் சுற்றிக்கொள்ளும் தொல்லை எங்களுக்கும் தெரியும், பகுதி பகுதியாகச் செய்யுங்கள் என்கிறோம்.

கணக்கெடுப்பு முடியக் காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. தண்ணீர் 16 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது ஆண் பாஸ் கரையோரம் குழி பறித்து முட்டைக்குக் காவல் நிற்கும். அதைத் தூண்டிலில் தூக்கிப் படம் எடுக்கும் சில நிமிடங்களில் சின்ன மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். அந்த நாட்களில் முட்டையிடும் கரையோர இடங்களில் தூண்டில் போடத் தடை விதியுங்கள். கடும் கோடையில் மீன்பிடிப் போட்டிகளுக்கு அனுமதி தராதீர்கள். சூடான தண்ணீரில் நாள் முழுக்கப் படகுத் தொட்டியில் கிடந்த மீன், விடும்போது நீந்திப் போனாலும் இரண்டு மூன்று நாளில் செத்து மிதக்கிறது.

எந்த நீள மீனை எடுத்துப்போகலாம் என்கிற அளவு விதி அடுத்த கட்டம். 1992-இல் பிடிபட்டு இன்றும் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சாதனையாக நிற்கும் 18.18 பவுண்டு பாஸைத் தந்த லேக் ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ளதை விட்டுவிட வேண்டும், 16-க்குக் கீழே உள்ளதை எடுத்துப்போகலாம். அதே எண்கள் இங்கே பொருந்துமா என்பதை உங்கள் கணக்கு சொல்லட்டும். சின்னதை எடுக்க அனுமதித்தால் நாங்கள் எடுக்கவும் தயார்.

குஞ்சு விடும் தேதி குறிக்கும் முன் எழுத்தில் பதில் வேண்டும். கணக்கெடுப்பின் முடிவு, எங்களுக்குச் சாதகமோ பாதகமோ, படகுத்துறைப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கணக்கெடுக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னால் வலை பிடிக்க, எடை எழுத ஆட்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஏரியில் தூண்டில் போடுவோர்