எது கொதி?

ஆசிரியருக்கு,

மழைக்காலம் வந்தால் ‘தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்ற அறிவிப்பு வந்துவிடுகிறது. எது கொதி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி கண்டதும் அடுப்பை அணைத்துவிடுகிறவர்கள் நம் பக்கம் பலர்.

அந்த முத்துகள் பெரும்பாலும் நீராவி அல்ல. தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சூடு ஏற ஏறத் தண்ணீரில் காற்று கரைந்து நிற்காது. 50, 60 டிகிரியிலேயே பிரிந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்து உலை இரையும். அடியில் பிறக்கும் ஆவிக் குமிழிகள், மேலே உள்ள சூடு குறைந்த நீரில் பட்டு நசுங்கும் சத்தம் அது. அதுவும் கொதி அல்ல. இரைச்சல் தணிந்து, குமிழிகள் மேல்மட்டம் வரை வந்து உடைந்து, தண்ணீர் தளதளவென்று புரள வேண்டும். அதன்பின் முழுதாக 1 நிமிடம் விடவேண்டும். கிருமிகளில் பெரும்பாலானவை 100 டிகிரிக்கு முன்பே செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பமானி இல்லாத அடுப்படியில் கண் நம்பக்கூடிய அடையாளம் இந்தப் புரளல்தான். உதகை உயரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே 3 நிமிடம் தேவை. அறிவிப்பு எழுதுவோர் இந்த அடையாளத்தையும் நிமிடக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டுகிறோம்.

விசேஷ வீட்டு அண்டாவில் கூடுதல் கவனம் தேவை. ஒரு முழ ஆழத் தண்ணீரின் பாரம் அடிக் குமிழியை அழுத்துவதால், அங்கே 101 டிகிரி தாண்டினால்தான் ஆவி பிறக்கும். ஓரத்தைப் பார்த்து இறக்கிவிடாமல், மேல்மட்டம் முழுவதும் புரள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்பது தவறு. லிட்டருக்கு 58 கிராம் உப்பு, கொதிநிலையை ஏறக்குறைய 1 டிகிரி கூட்டத்தான் செய்யும். போட்டவுடன் நுரைத்துப் பொங்குவதற்குக் காரணம் வேறு. ஆவிக் குமிழி வெறும் நீரில் எளிதில் பிறக்காது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆரமுள்ள குமிழியைப் பரப்பு இழுவிசை (நீர்ப்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் விசை) இறுக்கும் இறுக்கத்தை மீற, சுமார் 120 டிகிரி வேண்டும். கீறலிலும் பள்ளத்திலும் தங்கிய துளிக் காற்றுதான் அதற்கு வித்து. உப்புக்கல்லும் அப்படி ஓர் இடம் கொடுக்கிறது.

அந்த வித்து இல்லாவிட்டால்தான் ஆபத்து. ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரை வழவழப்பான கண்ணாடிக் குவளையில் ஊற்றி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால், 100 டிகிரி தாண்டியும் ஒரு குமிழிகூட வராமல் அமைதியாக இருக்கலாம். அதில் காப்பித்தூளோ கரண்டியோ பட்டதும் மொத்தமும் முகத்தில் சீறும். சூடாக்கும் முன்பே ஒரு மரக்குச்சியைப் போட்டுவையுங்கள். வெளியே எடுக்குமுன் அரை நிமிடம் பொறுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்கள்,
காரைக்குடி.