மூன்றாவது குழி

அன்புத் தோழிக்கு,

நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உன் மகன் வேலைக்குச் சேர்ந்த செய்தியே தாடிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பதினோரு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாதவளுக்குக் குறைசொல்ல உரிமை கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். என்னைத் திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து வை, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

போன மாதம், நாம் அகழாய்வு செய்த நம் மேட்டுக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும், ஏனென்றால் அன்றைக்கு அங்கே நீயும்தான் நின்றிருந்தாய்.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். மேட்டில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். அரை நாள் வேலை. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு போகிறேன், நம் கூடாரம் இருந்த இடம்கூட அடையாளம் தெரியவில்லை. அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நமக்குத் தினமும் தண்ணீர் கொண்டுவந்தாரே, அதே அம்மா! முதலில் கேட்டது உன்னைத்தான். "குடைக்காரப் பொண்ணு வரலையா?" என்றார். இப்போது சந்தோஷமா? உன் குடை அந்த ஊர் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

அப்புறம் கேட்டார்: "அந்த மூணாவது குழியிலேர்ந்து எடுத்துட்டுப் போனீங்களே, அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

கவனித்தாயா? 'அவங்க' என்றார். நாம் அறிக்கையில் எழுதியது என்ன தெரியுமா? "மனித எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது." பானை ஓடு கிடைத்தது, பாசிமணி கிடைத்தது, எலும்புக்கூடும் கிடைத்தது. இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் பேச்சில் அந்த மனிதர் இருபத்தாறு வருஷமாக உயர்திணையாகவே இருக்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. "பத்திரமா இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அது உண்மையா என்று தெரியாமலே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அறிக்கையைத் தேடி எடுத்தேன். மூன்றாவது குழிக்கு மட்டும் பதினான்கு பக்கம். மண் அடுக்குகளின் நிறம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, தலை எந்தத் திசையில் இருந்தது என்பதும் இருக்கிறது. அந்த அம்மா அன்று சொன்னது இல்லை. நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாய், நான் குழிக்கு எல்லை குறிக்க முளை அடித்துக்கொண்டிருந்தேன். "இந்த இடம் வேண்டாம், இங்க எங்க ஆளுங்க இருக்காங்க" என்றார். கட்டம் இங்கேதான் விழுகிறது என்று நான் சொன்னேன். கட்டம்! வரைபடத்தில் நாம் போட்ட பென்சில் கோடு. அதை ஐந்து மீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? அந்த ஊர் மக்கள் அத்தனை பேரும் அறிக்கையில் ஒரே வரியில் அடங்கிவிட்டார்கள்: "உள்ளூர்த் தொழிலாளர்கள் 22 பேர்." மண்ணின் நிறம் மாறுவதை நமக்கு முன்னால் பார்த்துச் சொன்னவர்கள் அவர்கள். ஒருவர் பெயர்கூட இல்லை.

எலும்புகள் எங்கே என்று விசாரித்து எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டி எண்ணும் அலமாரி வரிசையும் வந்தன. கிடங்குக்கு நேரிலேயே போனேன். நீயும் நானும் ஒட்டிய காகிதம் பெட்டியின் மேல் கிழியாமல் அப்படியே இருக்கிறது. யாரும் திறக்கவே இல்லையடி. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உன் பழைய வாதம் எனக்கு நினைவிருக்கிறது. கடந்தகாலம் எல்லோருக்கும் பொது, ஒரு கூட்டம் மட்டும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது, இன்று திரும்பப் புதைத்துவிட்டால் நாளைய ஆய்வாளர் எதைப் பார்ப்பார் என்று தாடிக்காரர் முன்னால் மேசையைத் தட்டிக் கேட்டாய். நானும் அன்று உன் பக்கம்தான். அது வெற்று வாதம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். புதைத்த பிறகு ஒரு புதுக் கேள்வி எழுந்தால் அதற்கான பதில் மண்ணுக்குள் போய்விட்டிருக்கும், உண்மைதான். ஆனால் நம் பெட்டியை நினைத்துப் பார். ஊரிடமிருந்து எடுத்தோம், அறிவியலுக்கும் கொடுக்கவில்லை.

கென்னவிக் மனிதர் விஷயத்தில் நாம் இரண்டு பேரும் விஞ்ஞானிகள் கட்சி. 1996-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இரண்டு மாணவர்கள் கண்ணில் எலும்புகளாகப் பட்டவர். ஏறத்தாழ 8,500 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர். அந்தப் பகுதிப் பழங்குடியினர், இவர் எங்கள் முன்னோர், அடக்கம் செய்யக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மண்டையோட்டின் வடிவம் அவர்களுடையதைப் போல இல்லை என்று பேச்சு கிளம்பியது, ஆராய விடவேண்டும் என்று எட்டு விஞ்ஞானிகள் வழக்குப் போட்டார்கள், 2004-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். நாம் கொண்டாடினோம். 2015-இல் மரபணு ஆய்வு வெளியானது. இன்றைய அமெரிக்கப் பழங்குடியினரோடுதான் அவருக்கு மிக நெருங்கிய உறவு என்று அது சொன்னது. அதைப் படித்தபோது என்னைச் சுட்டது இன்னொரு செய்தி. ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் மாதிரியைக் கொடுத்தவர்கள் கோல்வில் பழங்குடியினர். உரிமை கேட்டு வழக்கில் தோற்ற தரப்பே ஆய்வுக்குக் கை கொடுத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஐந்து பழங்குடிச் சமூகங்கள் சேர்ந்து அவரை அடக்கம் செய்தார்கள். 'பண்டையவர்' என்றுதான் அவர்கள் ஆரம்பத்திலிருந்து அவரைக் குறிப்பிட்டார்கள். அங்கேயும் உயர்திணை, பார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே மாநிலத்தில் அதற்குக் கால் நூற்றாண்டு முன்னாலேயே வேறு வழி ஒன்று இருந்திருக்கிறது. ஒசெட் என்ற கடலோரக் கிராமம், மக்காஹ் பழங்குடியினருடையது. சில நூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு மண்சரிவு வீடுகளை மூடிவிட்டது என்ற கதை அவர்களிடம் வழிவழியாக இருந்தது. 1970-இல் புயல் அலை கரையை அரித்துத் தள்ள, அந்த வீடுகள் வெளியே தெரிந்தன. பழங்குடித் தலைவர் எட் கிளாப்லன்ஹூ, பல்கலைக்கழகத்திலிருந்து ரிச்சர்ட் டோர்ட்டி என்ற ஆய்வாளரைத் தானே கூப்பிட்டார். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினோரு வருஷம் வேலை நடந்தது. ஈரச் சேறு காற்றுப் புகாமல் மூடியிருந்ததால் மரமும் கூடையும் கயிறும்கூட அழியாமல் இருந்தன. மண்வெட்டி பட்டால் உடைந்துவிடும் என்று குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக் கழுவி எடுத்தார்கள். 55,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். ஆய்வாளர்களுக்குப் புரியாத பொருளைப் பார்த்து அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் இது இன்னது, இப்படிப் பிடிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். எதுவும் தூரத்து நகரத்துக் கிடங்குக்குப் போகவில்லை. 1979-இல் அங்கேயே நியா பே என்ற இடத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள், அதை நடத்துபவர்களும் அவர்களே. நம் மூன்றாவது குழியில் அந்த அம்மாவை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் என்னென்ன சொல்லியிருப்பார்? யோசித்தால் தூக்கம் வருவதில்லை.

கேட்காமல் விட்டதன் விலைக்கு உதாரணமாகப் பிராங்க்ளின் கப்பல்கள் போதும். 1845-இல் 129 பேரோடு ஆர்க்டிக் பக்கம் போய்க் காணாமல்போன இரண்டு கப்பல்கள். என்ன ஆனது என்று அங்கே வாழும் இனுயிட் மக்கள் 1854-இலேயே ஜான் ரே என்பவரிடம் சொன்னார்கள். லண்டனில் அதை ஏற்க மறுத்தார்கள். ஒரு கப்பல் 2014-இல் கிடைத்தது, இனுயிட் வாய்மொழி சுட்டிக்காட்டிய பக்கத்திலேயே. இன்னொன்று 2016-இல், ஒரு இனுயிட் வேட்டைக்காரர், பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரத்தைச் சில வருஷம் முன்னால் பார்த்ததாகச் சொன்ன பிறகு. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான தேடல்!

சரி, இப்போது என் பெரிய கவலைக்கு வருகிறேன். சாலைக்காக ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் ஏற்கனவே நடந்துவிட்டது. கூட்டக் குறிப்பைப் படித்தேன். வந்தவர்கள் கையெழுத்து இருக்கிறது, அவர்கள் சொன்னது இல்லை. இதே மாதிரிதானே நாமும் செய்தோம்? காதில் வாங்கிக்கொண்டோம், கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூகான் பள்ளத்தாக்கு ஞாபகம் வந்து என்னை உலுக்கிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 46,000 வருஷமாக மனிதர்கள் வந்துபோன பாறைக் குடைவு. 2014-இல் அங்கே அகழாய்வு நடந்தது, 4,000 வருஷத்துக்கு முந்தைய தலைமுடிப் பின்னல் ஒன்று கிடைத்தது, அதன் மரபணு இன்று அந்த மண்ணுக்கு உரிய மக்களோடு பொருந்தியது. எல்லாம் தெரிந்த பிறகும் 2020 மே மாதம் இரும்புத் தாதுக்காக அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சட்டப்படி அனுமதி இருந்தது, அதுதான் கொடுமை. அந்த மண்ணுக்கு உரிய மக்கள் பேசலாம், எழுதலாம், தடுக்க மட்டும் முடியாது. தகர்த்த சுரங்க நிறுவனமான ரியோ டின்டோவின் தலைமை நிர்வாகி பதவி இழந்தார், சரி. குடைவு திரும்பி வருமா?

ஆகவே எனக்கு இப்போது ஒரே கேள்விதான்: வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேலை நிற்குமா, நிற்காதா? அதே ஆஸ்திரேலியாவில் மட்ஜெட்பெபே அகழாய்வில் அது இருந்தது. எப்போது வேண்டுமானாலும் வேலையை நிறுத்தும் அதிகாரம் அந்த மண்ணுக்கு உரிய மிரார் மக்களுக்கு ஒப்பந்தத்திலேயே கொடுக்கப்பட்டது. ஆய்வு கெட்டுப்போகவில்லை, மனிதர்கள் அந்தக் கண்டத்துக்கு 65,000 வருஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று 2017-இல் சொன்னது அந்த ஆய்வுதான். பழங்குடிகள் உரிமை பற்றிய 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 12-ஆம் பிரிவு முன்னோர் உடல்களைத் திரும்பப் பெறும் உரிமையைச் சொல்கிறது. அதற்கும் முன்னால், 1989-இலேயே, உலகத் தொல்லியல் மாநாட்டினர் வெர்மிலியன் உடன்படிக்கையில் இறந்தவருக்கும் அவர் சமூகத்துக்கும் மரியாதை, ஆய்வின் மதிப்புக்கும் மரியாதை, இரண்டையும் பேசித் தீர்ப்பது என்று எழுதிவிட்டார்கள். நாம் முளை அடித்தபோது அதற்குப் பத்து வயது. நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாமும் தேடிப் படிக்கவில்லை.

எல்லாம் சுலபம் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வாரமே திரும்பப் போனேன். அந்த அம்மா, அவங்களைக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வையுங்கள் என்கிறார். அவர் பேரன் ஊரிலேயே ஒரு சின்னக் காட்சிக்கூடம் வேண்டும், எலும்புகள் அதில் இருக்கட்டும் என்கிறான். மேட்டின் அந்தப் பக்கத்துக் குடும்பங்களோ, எங்களை யாரும் கேட்கவில்லையே என்கிறார்கள். "சமூகம்" என்று நாம் ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். உள்ளே போனால் நம் குடும்பத்தைவிட அதிகச் சண்டை. ஊர் சார்பில் பேசுவது யார் என்பதை நான் முடிவு செய்யக் கூடாது, அது மட்டும் தெரிகிறது. அவர்களே கூடிப் பேசட்டும், எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும், அதுவரை சாலை வேலை அந்தப் பக்கம் தொடக்கூடாது என்று என் அறிக்கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன் களக் குறிப்பேடு வேண்டும். நீலநிற அட்டை, எறும்பு ஊர்ந்த மாதிரி உன் கையெழுத்து. தொழிலாளர்கள் ஒவ்வொருவர் பெயரையும் தினமும் நீ குறித்துவைப்பாய், நான் கிண்டல் செய்வேன். இன்று அந்த 22 பேரின் பெயர் இருக்கும் ஒரே இடம் அதுதான். அந்த அம்மா சொன்னதையும் நீ அன்று மாலையே எழுதினாய் என்று நம்புகிறேன், விளக்கு வெளிச்சத்தில் நீ எழுதிக்கொண்டிருந்தது என் கண்ணில் நிற்கிறது. எலும்புகளைத் திரும்பக் கேட்டு ஊர் மனுக் கொடுத்தால், முதலிலேயே அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்பதற்கு உன் குறிப்பேட்டின் அந்தப் பக்கம்தான் சாட்சி. அது நமக்கு எதிரான சாட்சியும்கூட. தெரிந்துதான் கேட்கிறேன்.

தபாலில் அனுப்பாதே, தொலைந்தால் போச்சு. அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஊரில் எல்லோரும் கூடுகிறார்கள். நீயே எடுத்துக்கொண்டு வா. அந்த அம்மா உன்னைக் கட்டாயம் வரச் சொன்னார். அந்தப் பெட்டியை எப்போது யார் திறப்பது என்று அன்றைக்குத்தான் பேசப்போகிறார்கள்.

உன்,
பதில் போடாத தோழி

பி.கு.: குடை இன்னும் இருந்தால் அதையும் கொண்டு வா. நிஜமாகவே கேட்டார்.