மாசம் எரநூறு ரூவா

ஏட்டி பேச்சி,

இங்க எல்லாரும் சௌக்கியம், நீயும் அண்ணனும் பிள்ளைகளும் சௌக்கியம்னு நினைக்கேன், அந்தப் பாட்டு அதோட முடிஞ்சுது. டிசம்பர்ல ஊருக்கு வந்துட்டு உன்னப் பாக்காமப் போயிட்டேன்னு நீ ஜெசிந்தாகிட்ட மூக்கச் சிந்தினது எனக்குத் தெரியும். பதினாறு நாள் லீவுட்டி, அதுல நாலு நாள் பாளையங்கோட்டைல ஒரு பேங்க் பெஞ்சுலயே போச்சு. கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டு கேன்சலும் பண்ணினேன், நம்பலன்னா அந்த மெசேஜ அனுப்புதேன். அந்த நாலு நாள் கதையத்தான் இப்போ எழுதுதேன். உன் மக மகா மார்ச்ல இங்க ஜெர்மனிக்குப் படிக்க வாறா, அவ அக்கவுண்ட்ட என்ன செய்யணும்னு நீ ஆகஸ்ட்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுக் கேட்டதுக்குப் பதிலும் இதுக்குள்ளதான் கிடக்கு. போன்ல சொன்னா நடுவுல நடுவுல சிரிச்சே கெடுத்துருவ.

என் அக்கவுண்ட் ஞாபகம் இருக்கா? 2001ல கம்ப்யூட்டர் சென்டர்ல மொத சம்பளம் 1800 ரூவா வாங்கினப்போ அப்பா கூட்டிட்டுப் போய் ஆரம்பிச்சது. ஏற்கனவே அங்க அக்கவுண்ட் வச்சிருக்க ஆள் அறிமுகக் கையெழுத்துப் போடணும்னாங்க, "இவள எனக்கு நல்லாத் தெரியும்"னு நீதான் போட்ட, அதுக்கு ரோஸ்மில்க் வேற வாங்கிக் குடிச்ச. அதே அக்கவுண்ட்தான். 2013ல ஸ்டுட்கார்ட்டுக்குக் கிளம்பினப்போ அதுல 14,000 சொச்சம் கிடந்துது, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். ஊறுகாய எந்தப் பெட்டில வைக்கன்னு ரெண்டு நாளா வீட்டுல சண்ட, இதுல பேங்க்குக்கு யாரு போறா. வெளிநாட்டுக்குக் குடிபோனவங்க சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்ட அப்படியே வச்சிருக்கக் கூடாது, பேங்க்ல சொல்லி என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்கவங்க ஊர்க் காசுக்கு வச்சிருக்க அக்கவுண்ட்டா, மாத்தணும், அந்நியச் செலாவணிக்கு ஃபெமான்னு ஒரு சட்டமே இருக்கு, அதெல்லாம் எனக்கு யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரோடத மொத வருஷமே மாத்திட்டாரு. ஏன் எங்கிட்ட சொல்லலன்னா "நீ கேக்கலையே"ங்காரு. இந்த மனுசன என்ன செய்ய.

சிம்முக்கும் ரீசார்ஜ் பண்ணாம விட்டேன். மூணு மாசம் சும்மா கிடந்தா நம்பர கட் பண்ணிட்டு, பெறகு அத வேற யாருக்காவது குடுத்துருவாங்க, அதுவும் எனக்குத் தெரியாது. போன அக்டோபர்ல என்னமோ தோணி ஆன்லைன்ல உள்ள போய்ப் பாப்போம்னு உக்காந்தேன். பாஸ்வேர்ட மாத்தணும்னா ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது. சரி நம்பர மாத்துவோம்னா, அதுக்கும் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகுது. வீட்டச் சாத்திட்டு சாவிய உள்ள விட்ட கத. பேங்க்குக்குப் போன் பண்ணினா எடுக்க ஆளில்ல, மெயில் போட்டா "அருகிலுள்ள கிளையை அணுகவும்"னு பதில் வருது, எனக்கு அருகிலுள்ள கிளைக்குப் போக பிளைட் ஏறணும். கடைசில ஒரு நாள் என் பழைய நம்பருக்கு நானே போன் போட்டேன்.

எடுத்தவரு ஒரு பெரியவரு, அம்பாசமுத்திரம் பக்கம், வாழத்தார் யாவாரமாம். ஐயா இது முன்னாடி என் நம்பர், இப்போ உங்களுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதக் கொஞ்சம் சொல்லுங்கன்னேன். "ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதும்மா, டிவில தெனமும் சொல்லுதான்"னுட்டாரு. என் ஓடிபிய எனக்கே தர மாட்டேன்னுட்டாருட்டி! ஆனா அவரு செஞ்சதுதான் சரி. நான் வைக்கப் போறேன், "நீங்கதான் காந்திமதியா?"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. "வருஷா வருஷம் சித்திரைல உங்க பொறந்தநாளுக்கு பேங்க்காரன் எனக்கு வாழ்த்து அனுப்புதான்மா. மாசம் பொறந்தா எரநூறு ரூவா வரவுன்னு மெசேஜ் வருது, ஏழெட்டு வருசமா வருது. யாருக்கு வருதோ நல்லாருக்கட்டும்னு நினைச்சுக்கிடுவேன்."

எனக்கு யாரு எரநூறு ரூவா போடப் போறா, சொல்லு? அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. இந்தத் திருட்டுப் பயலுவ ஊர ஏமாத்தின காச அடுத்தவங்க அக்கவுண்ட்ல போட்டு எடுக்கானுவள்லா, மியூல் அக்கவுண்ட்டுன்னு, அதப் பத்தி நியூஸ்ல பாத்துப் பாத்து எனக்கு அது மட்டுந்தான் மண்டைல ஓடுது. சின்னச் சின்னதாப் போட்டுப் பழக்கிட்டு ஒருநாள் பத்து லட்சத்த எறக்கி எடுத்துருவானோ, எல்லாம் எம் பேர்ல நிக்குமோ, திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல எறங்கின உடனே தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சிருவாங்களோ. நடுராத்திரில ஃபெமாவப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன், அது அதுக்கு மேல, சம்பந்தப்பட்ட பணத்துல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடச் சட்டத்துல இடம் இருக்காம். உன் கொழுந்தன் போலீஸ்ல இருக்கானே கேப்பமான்னு உன் நம்பர மூணு தடவ எடுத்தேன், விடியுறதுக்குள்ள நீ பாளையங்கோட்டை பூரா தமுக்கடிச்சிருவேன்னு வச்சுட்டேன். அம்மாகிட்டயும் மூச்சு விடல, பிரஷர்காரி, எதுக்கு அவளப் பயமுறுத்தணும்னு.

டிசம்பர்ல போனேன். மொத நாள் பேரு பஞ்சாயத்து. பேங்க்ல நான் எஸ். காந்திமதி, பான் கார்டுல காந்திமதி சுப்பையா, பாஸ்போர்ட்ல காந்திமதி முருகன். ஆபீசர் மூணையும் மேசைல வரிசையா வச்சுப் பாத்துட்டு, "இதுல மேடம் யாரு?"ங்காரு. மூணும் நான்தான் சார்னேன். பத்திரத்தாள் வாங்கி, நோட்டரிகிட்டப் போயி, மேற்படி மூணு பேரும் ஒரே ஆள்தான்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு. அப்பா பேரு, புருசன் பேரு, ஒத்த எழுத்து, இந்த மூணுக்கும் நடுவுல நம்ம பேரு என்ன பாடுபடுது பாத்தியா. ரெண்டாவது நாள் அவரு லீவு, மூணாவது நாள் சர்வர் டவுன். சர்வர் டவுனான அன்னைக்கு உன்னோட அந்தப் பழைய மோர்க்குழம்பு ஜோக்க நினைச்சு பெஞ்சுல தனியாச் சிரிச்சேன், பக்கத்துல இருந்த அம்மா தள்ளி உக்காந்துட்டாங்க.

நாலாவது நாள்தான் மேனேஜர்கிட்ட எரநூறு ரூவா விசயத்த நடுங்கிகிட்டே எடுத்தேன். அவரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, "உங்க அக்கவுண்ட் உசுரோட இருக்கதே அதாலதான் மேடம்"னாரு. ரெண்டு வருஷம் வரவு செலவே இல்லாமக் கிடந்தா இன்ஆபரேட்டிவ்ல, அதாவது செயல்படாத கணக்குல, போட்டுருவாங்களாம், பத்து வருஷம் தாண்டிட்டா பணம் ரிசர்வ் பேங்க்ல ஒரு நிதிக்குப் போயிருமாம், கேட்டா திரும்பக் கிடைக்கும், ஆனா அலையணும். எனக்கு மாசாமாசம் காசு விழுந்ததால அந்தத் தலவலி இல்ல, கேஒய்சிங்க ஆள் அடையாளக் காயிதம் குடுத்துப் பத்து வருஷம் தாண்டினதாலதான் எடுக்க முடியாம நிறுத்தி வச்சிருக்காங்க. சரி யாரு போடுதா? பாஸ்புக்க என்ட்ரி போட்டுக் குடுத்தாங்க, அந்த மிஷினு கிர்ருகிர்ருன்னு பக்கம் பக்கமா அடிக்குது. கேஷ் 200, கேஷ் 200, கேஷ் 200, ஊடால வட்டியும் ஏடிஎம் கார்டு சார்ஜும், கார்டு எப்பவோ செத்துப் போச்சு, சார்ஜ் மட்டும் உசுரோட இருக்கு. நூத்தியோரு என்ட்ரிட்டி, எண்ணினேன். 2020 ஏப்ரல்ல மட்டும் இல்ல, மே மாசம் 400 இருக்கு. மொத என்ட்ரி 2017 ஜூலை 4.

அப்பா தவறினது அதே 2017 மே மாசம்.

நான் அந்தத் தேதியவே பாத்துகிட்டு நிக்கேன், அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பாத்துட்டு "இது அந்தப் பச்சப் பை அம்மால்லா"ங்காரு. "பென்சன் எடுத்துட்டு அதுல எரநூற எடுத்து இந்தக் கவுண்டர்லயே திரும்பக் கட்டிட்டுப் போவாங்களே, நான்தான் சலான் எழுதிக் குடுப்பேன்."

வீட்டுக்குப் போனா அம்மா அவரைக்காய நாரு உரிச்சுகிட்டு இருக்கா. எதுக்கும்மா இப்படிச் செஞ்சேன்னேன். நிமிந்தே பாக்கல. "ரெண்டு வருசம் தொடாமப் போட்டா பூட்டிருவானாமே, அந்தத் தம்பி சொன்னான். பூட்டட்டும்னு விடச் சொல்லுதியா? உங்கப்பா தொறந்ததுல்லா." வருஷத்துக்கு ஒருவாட்டி நூறு ரூவா போட்டாலே போதுமேம்மான்னேன். "அத எங்கிட்ட யாரு சொன்னா"ன்னா. சலான் அடிக்கட்டை அத்தனையும் ரப்பர்பேண்டு போட்டு அந்தப் பச்சப் பைக்குள்ளயே வச்சிருக்கா, மேல உள்ளதெல்லாம் மை மங்கி வெறும் வெள்ளக் காயிதமா இருக்கு. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலட்டி. அவரைக்காய வாங்கி நானும் உரிச்சேன்.

இப்போ என்ஆர்ஓவா மாத்தியாச்சு. மொத்தம் 41,000 சொச்சம் இருக்கு. என்ஆர்ஓல இருந்து வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர் வரைக்கும் வெளிநாட்டுக்குக் கொண்டு போலாம் மேடம்னு ஆபீசர் ரொம்ப மரியாதையாச் சொன்னாரு, நானும் யோசிச்சுச் சொல்லுதேன் சார்னு வந்தேன். ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. சாதா சேவிங்ஸ்ல வட்டிக்கு டிடிஎஸ், அதாவது பேங்க்கே புடிச்சுக்கிடுத வரி, கிடையாது, என்ஆர்ஓன்னா சேவிங்ஸ் வட்டிலயும் மொத ரூவால இருந்தே 30 சதவீதம், செஸ்ஸுங்க கூடுதல் வரியோட 31.2. எனக்கு வருஷத்துக்கு வட்டியே ஆயிரம் ரூவாதான் வரும், அதுல 312 போயிரும். ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் இருக்க வரி ஒப்பந்தத்துல 10 சதவீதந்தான், ஆனா அதுக்கு இங்க வரி ஆபீஸ்ல நான் இந்த ஊர்க்காரின்னு சர்டிபிகேட் வாங்கணும், அங்க இன்கம்டாக்ஸ் சைட்டுல ஒரு பாரம் போடணும். எரநூத்திப் பன்னெண்டு ரூவாய மிச்சம் புடிக்க இவ்வளவு பாடான்னு இவரு விழுந்து விழுந்து சிரிக்காரு. நான் அப்ளிகேஷன் போட்டுட்டேன். அது அம்மாவோட ஒரு மாசக் காசு.

இனிமே கேஷாப் போட வேண்டாம், உங்க அக்கவுண்ட்ல இருந்து மாத்தி விடுங்கன்னு பேங்க்ல அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. "எங்காச நான் கையால கட்டக் கூடாதா"ன்னு ஒரு வாரம் முறுக்கிகிட்டுத் திரிஞ்சா.

சரி, மகா விசயத்துக்கு வாறேன், இங்க சிரிக்காமப் படி. படிக்கத்தானே போறா, மாத்த வேண்டாம்னு உங்கிட்ட யாரோ சொன்னாங்கன்னியே, அது தப்பு. படிக்கப் போற பிள்ளைகளையும் ரிசர்வ் பேங்க் என்ஆர்ஐயாத்தான் எடுக்குது, கிளம்பினதும் அவளோடதையும் என்ஆர்ஓவா மாத்தணும். போறதுக்கு முன்னாடியே பேங்க்ல போய் என்னென்ன வேணும்னு கேட்டு வச்சுக்கோ, இங்க இருந்து அனுப்பணும்னா ஒவ்வொரு காப்பிலயும் கான்சுலேட்லயோ நோட்டரிகிட்டயோ அட்டெஸ்ட் கேப்பாங்க, நான் அதுக்கு மியூனிக் வரைக்கும் போகணும். உன் பேரையும் சேத்து ஜாயின்ட்டாப் போடு, ஃபார்மர் ஆர் சர்வைவர்னு கேளு, அப்படின்னா மொதப் பேர்க்காரி அவதான் நடத்துவா, அவளுக்குப் பெறகுதான் நீ. நாமினி எழுதாம விட்டுராத, இப்போ நாலு பேர் வரைக்கும் எழுதலாம், உன் மாமியாரையும் சேத்துக்கோ சந்தோசப்படுவாங்க. அப்புறம் சிம், அதான் முக்கியம். சின்ன ரீசார்ஜா இருந்தாலும் விடாமப் போடணும், ரோமிங்ல மெசேஜ் வருதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்துரு. பாஸ்போர்ட்டு, பானு, ஆதாரு, பேங்க் நாலுலயும் அவ பேரு ஒரே மாதிரி இருக்கான்னு இன்னைக்கே எடுத்து வச்சுப் பாரு, உங்க வீட்டுக்காரரு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி எழுதிக் குடுத்திருப்பாரு, எனக்கு நல்லாத் தெரியும். வேலைக்குச் சேந்த பெறகு என்ஆர்இ ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம், இங்க சம்பாதிக்கிறத அதுல போட்டா அந்த வட்டிக்கு அங்க வரி இல்ல, ஆனா இங்க கணக்குல காட்டணும். ரெண்டு நாடும் 2017ல இருந்து அக்கவுண்ட் விவரத்தத் தானா மாத்திக்கிடுதாங்க, ஒளிச்சு வைக்க முடியாது. நான் இத்தன வருஷமாக் காட்டல, அதுக்கும் பயந்தேன், இங்க வருஷத்துக்கு 1000 யூரோ வட்டி வரைக்கும் வரி இல்லங்கதால தல தப்பிச்சுது.

விசாவுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்ட்ல கட்டிட்டியா? அதுல இருந்து மாசம் 992 தான் அவ கைக்கு வரும், அவ காச அவளுக்கே அளந்து அளந்து குடுப்பான், உங்கம்மா நமக்குச் சினிமாவுக்குக் குடுத்த மாதிரி.

அந்த வாழத்தார் பெரியவருக்குப் போன் பண்ணி, நம்பர மாத்திட்டேன், எங்கம்மாதான் போட்டாங்கன்னு சொன்னேன். "அப்போ இனிமே எனக்கு மெசேஜ் வராதா?"ன்னு கேட்டாரு பாரு, எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு.

நேத்து காலைல இங்க 6.40, இருட்டுல போன் டிங்குன்னுது. 200 வரவு. அம்மாவுக்குப் போன் போட்டேன், "வந்துட்டா?"ன்னா. வந்துட்டும்மா, இனிமே இது எதுக்கும்மா, நானே வருஷத்துக்கு ஒருதடவ எதாவது பண்ணிக்கிடுதேன்னேன். "நீ கிழிச்ச. அவன் நூத்துக்கு முப்பது புடிக்கான்னேல்லா, அடுத்த மாசத்துல இருந்து முந்நூறாப் போடலாம்னு இருக்கேன்"ங்கா. வட்டிலதான்மா புடிப்பான், அசல்ல இல்லன்னு அர மணி நேரம் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கா. நீ ஒருதடவ போன் பண்ணிச் சொல்லு, நீ சொன்னாத்தான் அவ கேப்பா.

மகா டிக்கெட் தேதிய அனுப்பு, நான் ஸ்டேஷனுக்கே வந்துருதேன். அவகிட்ட ரெண்டு பாக்கெட் கூழ்வத்தல் குடுத்து விடு, நார்த்தங்கா வேண்டாம், போன தடவ டப்பா ஒழுகி என் நல்ல ஸ்வெட்டர் போச்சு.

காந்தி

அந்த ரோஸ்மில்க்குக் காசு இன்னும் நீ தரல.