சண்டை வந்தால்தான் சீனாவைப் படிப்போமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லையில் ஏதாவது நடந்தால் சீனாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், டிவியில் தினமும் ராத்திரி விவாதம் நடக்கிறது, அப்புறம் எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள், ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். அந்த நாட்களில் சீனாவைப் பற்றித் தமிழில் பேசியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு சீனப் பத்திரிகையை நேரடியாகப் படிக்கத் தெரியும்? அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. படித்துத் தெரிந்துகொள்ள நாம் இடமே அமைத்துக் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சீனாவைப் படிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதில்லை. தாகூர் 1937-லேயே சாந்திநிகேதனில் சீன பவனத்தைத் தொடங்கிவிட்டார், அதைக் கட்டி வளர்த்தவர் சீனாவிலிருந்து வந்த டான் யுன்ஷான் என்ற அறிஞர். ஆனால் இன்றைய சீனாவை, அதன் ஆட்சியை, வெளியுறவை முறையாகப் படிக்க டெல்லி பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் வந்தது 1964-ல். அதாவது 1962 போரில் அடிபட்ட பிறகு.

சரி, இப்படி ஒரு மையம் நன்றாக நடந்தால் என்ன செய்ய முடியும்? இதற்கு நான் எப்போதும் ஹாங்காங்கைத்தான் சொல்வேன். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்த ஊரில் 1963-ல் யுனிவர்சிட்டீஸ் சர்வீஸ் சென்டர் என்று சீனாவை ஆராய ஒரு மையம் தொடங்கினார்கள். மாவோ காலத்துச் சீனாவுக்குள் மேற்கத்திய ஆய்வாளர்களுக்கு அனுமதி கிடைக்காத நேரம் அது. அதனால் எல்லை தாண்டி ஹாங்காங் வந்து சேர்ந்தவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். அனிதா சான், ரிச்சர்ட் மேட்சன், ஜோனதன் அங்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் குவாங்டோங் மாகாணத்தின் ஒரு கிராமத்திலிருந்து வந்த 26 பேரிடம் திரும்பத் திரும்பப் பேசி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, அந்த ஊரில் கட்சிக்காரர்கள் எப்படி அதிகாரம் செய்தார்கள், கூட்டுப் பண்ணையில் கூலி எப்படிப் போட்டார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். இன்றும் மாணவர்கள் படிக்கிற ஆய்வு அது.

1979-க்குப் பிறகு சீனாவின் கதவு திறந்தது. ஆய்வாளர்கள் நேரிலேயே போக முடிந்தது, வெளியிலிருந்து வந்த பணமும் குறைந்தது. 1988-ல் மையம் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இனி இதற்கு என்ன வேலை என்று மூடியிருக்கலாம், மூடவில்லை. புத்தகங்களையும் மாகாணப் பத்திரிகைகளின் பழைய தொகுப்புகளையும் ஆண்டறிக்கைகளையும் ஊர் விவரங்களைத் தொகுத்துச் சொல்லும் உள்ளூர் கெஜட்டியர்களையும் வாங்கி வாங்கி அடுக்கினார்கள், யார் வேண்டுமானாலும் அலமாரியிலிருந்து தானே எடுத்துப் படிக்கலாம். பிறகு சீனாவிலிருந்தே பேராசிரியர்கள் தங்கள் நாட்டைப் பற்றிப் படிக்க அங்கே வந்தார்கள் என்றால் அந்தச் சேகரிப்பின் அருமை புரியும்.

கெஜட்டியர் என்றதும் தூசி படிந்த அரசுப் புத்தகம் என்று தோன்றலாம். சீனாவில் 1980-களிலிருந்து நம் தாலுகா மாதிரியான ஒவ்வொரு வட்டாரத்துக்கும் புதிதாக இப்படி ஒன்று போட்டார்கள். பலவற்றில் ஆண்டுவாரியாகப் பிறப்பு, இறப்பு, மக்கள்தொகை அட்டவணை இருக்கிறது. சீனாவில் பெரும் பஞ்சம் நிலவிய 1959, 60, 61 என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தால் பிறப்பு படுத்துவிடும், இறப்பு எகிறியிருக்கும். பஞ்சம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் எண்கள் சொல்லிவிடும். ஷாங்காயைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் சாவோ ஷூஜி இப்படி ஏறத்தாழ ஆயிரம் கெஜட்டியர்களை அலசித்தான் அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 3.25 கோடிப் பேர் என்று கணக்கிட்டார். விவாத மேடையில் கத்துவதால் இது கிடைக்காது, அலமாரி முன்னால் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டும்.

அந்த மையமும் இப்போது தனி மையமாக இல்லை. மறுசீரமைப்பு என்று 2020 டிசம்பரில் அறிவித்து, சேகரிப்பைப் பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்த்துவிட்டார்கள். புத்தகங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று நிர்வாகம் சொன்னது, ஆனாலும் பல நாட்டு ஆய்வாளர்கள் வருத்தப்பட்டார்கள், எனக்கும் வருத்தம்தான். ஹாங்காங்கில் எதிர்ப்புக் குரலை அடக்கச் சீனா தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த அதே ஆண்டு அது. இப்படிப்பட்ட சேகரிப்பு ஒரே ஊரில் மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்து!

இதெல்லாம் டெல்லிக்காரர்கள் கவலை என்று விடவும் முடியாது. நான் இருப்பது கோவில்பட்டி. சீன லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழில் எப்படித் தேய்ந்தது என்று இங்கே பெட்டிக்கடைக்காரரைக் கேட்டாலே சொல்வார். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது, நல்லது. ஆனால் உலகத்து லைட்டர்களில் பெரும் பங்கைச் செய்வது ஹூனான் மாகாணத்தின் ஷாவ்டோங் என்ற ஒரே ஊர். அங்கே கூலி என்ன, உள்ளூர் அரசு என்ன சலுகை கொடுக்கிறது, அவ்வளவு மலிவாக எப்படி முடிகிறது என்று அங்கே வரும் பத்திரிகைகளைப் படித்துத் தமிழில் எழுத ஒரு மாணவராவது நமக்கு வேண்டாமா?

சென்னை ஐஐடியில் சீன ஆய்வு மையம் இருப்பது மகிழ்ச்சி. அது போதாது, மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் வேண்டும், தென் மாவட்டங்களில் ஒன்றாவது வேண்டும். கட்டடம் கட்டி, கல்வெட்டு வைத்து, ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு நடத்துவதென்றால் வேண்டவே வேண்டாம். முதலில் இரண்டு ஆண்டு முழுநேரச் சீன மொழிப் படிப்பு, அதற்கு உதவித்தொகை, பிறகு பத்திரிகைகளும் ஆண்டறிக்கைகளும் வாங்க ஆண்டுதோறும் தடைபடாத பணம். துணைவேந்தர் மாறினாலும் அந்தப் பணம் நிற்கக் கூடாது. வரும் பட்ஜெட்டிலாவது உயர்கல்வித் துறை இதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும், உங்கள் பத்திரிகையும் இதைத் தலையங்கமாக எழுதிக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவில்பட்டி