விண்மீன் பாதைக்குப் புள்ளி வைத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், கூட நின்று வேலை பார்த்த எல்லோருக்கும் வணக்கம்.

ஜவ்வாது மலையில் நம் விண்மீன் பாதையைத் திறந்து ஒரு மாதம் ஆகிறது. திறப்பு நாளில் என் கையில் மைக்கைக் கொடுத்தீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது, இரண்டு வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பாதையை இன்னும் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்து லட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கியிருக்கிறோம். பள்ளி மைதானத்தில் 1.39 மீட்டர் அகலச் சூரியன். அங்கிருந்து 150 மீட்டரில் பூமி, 778 மீட்டரில் வியாழன், ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நாலரை கிலோமீட்டர் நடந்தால் நெப்டியூன். கணக்கும் பாடமும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சின்னம், எழுத்து, நிறம், பலகை, அம்புக்குறி என்று பாதைக்கு ஒரு முகம் வரைவதுதான் என் பொறுப்பு. வேலூரில் என் மேசையில் உட்கார்ந்தே அதை முடித்துவிடலாம் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். தொலைநோக்கியும் ராக்கெட்டும் போட்டு ஒரு சின்னம் வரைந்துகொண்டு மலையேறினேன். பார்த்த பிள்ளைகள் மரியாதையாக "நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். அதில் இந்த மலையும் இல்லை, அவர்களும் இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்தது.

முதல் நன்றி ஒன்பதாம் வகுப்புத் தங்கைக்கு. இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை வெள்ளை டார்ச் அடித்தால் அத்தனையும் போய்விடும். மங்கிய சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குக் கெடுக்காது என்பதால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டுதான் இரவில் நடக்கிறோம். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், மாதிரிப் பலகையில் வெள்ளைப் பின்னணியில் செவ்வாயையும் அம்புக்குறிகளையும் பளிச்சென்ற சிவப்பில் வரைந்திருந்தேன். பகலில் எல்லோரும் பாராட்டினார்கள். இரவு முதல் கம்பத்தருகே நின்று அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, அம்பு எங்கே?"

அம்பும் இல்லை, செவ்வாயும் இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். தயங்காமல் கேட்டாயே தங்கை, நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பத்துப் பலகையும் அப்படியே நட்டிருப்போம், இரவில் வருகிறவர்கள் வழி தெரியாமல் நின்றிருப்பார்கள். மறுநாளே எல்லாவற்றையும் சந்தன நிறப் பின்னணியில் கருநீலத்துக்கு மாற்றினேன். சிவப்பு வெளிச்சத்தில் கருநீலம் கறுப்பாகத் தெரியும், பகலிலும் கண்ணுக்கு இதமாக இருக்கும். பழந்தமிழில் சனிக்கு மைம்மீன் என்று ஒரு பெயர் உண்டு என்று தமிழாசிரியர் அம்மா சொன்னதிலிருந்து, அந்தக் கருநீலத்தை நாங்கள் 'மை' என்றே கூப்பிடுகிறோம். பெயிண்ட் டப்பா மூடியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அடுத்து, பலகை எழுதிய அண்ணனுக்கு. பிளெக்ஸ் வந்த பிறகு கடைப்பலகை எழுதும் வேலை எப்படிக் குறைந்துபோனது என்று தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். குறைபட்டுக்கொண்டு சொல்லவில்லை, கேட்ட எனக்குத்தான் கனத்தது. பிளெக்ஸ் இந்த வெயிலில் வெளுத்துவிடும், டார்ச் அடித்தால் பளபளவென்று எதிரொளிக்கும். இரும்புத் தகட்டில் பளபளப்பில்லாத எனாமல்தான் சரி என்று நீங்கள் சொல்லித்தான் செய்தோம். நான் கணினியில் வரைந்து தந்த எழுத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தூரத்திலிருந்து படிக்கிறவனுக்கு முதல்ல காணாமப்போறது புள்ளிதாம்மா" என்று சொல்லி, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றரை மடங்காக்கினீர்கள். பதினோரு வருடமாக எழுத்தோடு வேலை செய்கிற எனக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. பலகைகளின் அடியில் வரும் சிறிய எழுத்துக்கு, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் கேட்டமரான் எழுத்துருவைப் பயன்படுத்தினேன். அதைத் தமிழுக்கு வரைந்து தந்த பிரியா ரவிச்சந்திரனுக்கும் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பெரிய புள்ளிகளிலிருந்துதான் சின்னம் பிறந்தது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஐயா தன் பழைய விண்மீன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். வெள்ளைத் தாளில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக இருந்தன. பிரகாசமான மீனுக்குப் பெரிய புள்ளி, மங்கலானதற்குச் சின்னப் புள்ளி. "விண்மீன்" என்று எழுதினால் அதிலும் இரண்டு புள்ளி இருக்கிறதே! அவற்றை விண்மீனாக்கலாம் என்று தோன்றியது. ஆனால் எந்த இரண்டு விண்மீன் என்று தெரியாமல் ஒரு வாரம் வரைந்து வரைந்து அழித்தேன்.

பதில் சாமைக் களத்தில் கிடைத்தது. பங்குனி மாதத்து இரவு, வடக்கே சப்தரிஷி மண்டலம் எழும்பியிருந்தது. அதன் வாலில் நடு மீனான வசிட்டரையும், ஒட்டினாற்போல மினுங்கும் அருந்ததியையும் பிள்ளைகளுக்கு ஐயா காட்டிக்கொண்டிருந்தார். கீழே ஆலங்காயத்திலிருந்து பேரன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி பக்கத்தில் வந்து நின்றார். "கல்யாணத்தன்னிக்கு அம்மி மிதிச்சு அருந்ததி பாருன்னாங்க. பட்டப்பகல். ஒண்ணும் தெரியல, பாத்துட்டேன்னு தலையாட்டிட்டேன். அதுவா இது?" என்று கேட்டார். நெடுநேரம் அண்ணாந்தபடியே நின்றார். பிறகு, "சின்னதாத்தான் இருக்கா, ஆனா தனியா தெரியறா" என்றார்.

பாட்டி, நுழைவுப் பலகையில் 'ண்' மேல் இருக்கும் பெரிய புள்ளி வசிட்டர், 'ன்' மேல் இருக்கும் சின்னப் புள்ளி அருந்ததி. நீங்கள் சொன்ன மாதிரியே தனியாகத் தெரிகிற அளவில் வரைந்திருக்கிறேன். பிள்ளைகளின் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் எழுத்துகூடக் கிடையாது, அந்த இரண்டு புள்ளி மட்டும்தான்.

விடுதிச் சமையல்கார அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? கோள்களை அதே சுருக்க அளவில் காட்ட வேண்டும், மில்லிமீட்டர் சொன்னால் சிறு பிள்ளைகளுக்குப் பிடிபடாது என்று புலம்பியபோது, அளவுகோலை வாங்கிக்கொண்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தீர்கள். புதன் மிளகு. வெள்ளியும் பூமியும் சுண்டைக்காய். செவ்வாய் காய்ந்த பட்டாணி. பூமியிலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் நிலா ஒரு கொத்தமல்லி விதை. வியாழனுக்கு உங்கள் கூடையிலேயே பெரிய உரித்த தேங்காய், சனிக்கு அடுத்தது, யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஆளுக்கொரு எலுமிச்சை. நான் வரைந்து வைத்திருந்த கோள் படங்களை எடுத்துவிட்டு இவற்றையே அச்சாக அதே அளவில் வரைந்தேன். "புளூட்டோ எங்கே?" என்று இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விடாமல் கேட்டதால், நெப்டியூன் பலகையின் ஓரத்தில் ஒரு சாமை அரிசியும் இருக்கிறது. அதுவும் அளவு சரிதான்.

உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊத, பிள்ளைகள் குதிகாலை விரலோடு ஒட்டி விநாடிக்கு ஓரடி நடந்த காலையை நான் மறக்கவே மாட்டேன். நம் அளவில் ஒளியின் வேகம் அவ்வளவுதான். சூரியனிலிருந்து பூமிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, பாதி வழியில் கால் வலிக்கிறது என்றார்கள். அந்த நடையைப் பார்த்துத்தான் 18 மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கல் நட்டோம், ஒரு கல் ஒரு ஒளி நிமிடம். கல்லைச் சுமந்து வந்த இளைஞர்களுக்கும், சூரிய வளையத்தைக் கூலி குறைத்து வளைத்துத் தந்த வெல்டிங் பட்டறைக்காரருக்கும், ஒரு மரமும் வெட்டாமல் கம்பங்களுக்கு இடம் காட்டிய வனக்காவலருக்கும் என் நன்றி.

யுரேனஸ் பலகைக்கு எழுதிய வரிகளுக்காக ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனை யுரேனஸ் மறைத்தபோதுதான் அதற்கு வளையங்கள் உண்டு என்பது தெரியவந்தது. அதைக் கவனித்த இடங்களில் இதே மலைத்தொடரில் இருக்கும் காவலூர் வானாய்வகமும் ஒன்று. அந்த வரியைப் படித்த ஒரு தாத்தா, ராத்திரியில் விளக்கை ஏன் மறைத்து வைக்கச் சொல்கிறோம் என்று இப்போது தானே மற்றவர்களுக்கு விளக்குகிறார். தெருவிளக்குக்குத் தகட்டு மூடி போடச் சம்மதித்த குடும்பங்களே, அந்த இருட்டு இல்லாவிட்டால் என் பலகைகளுக்கு வேலையே இல்லை.

ஐந்தாவது கல்லில் சுண்ணாம்பு உரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. வியாழன் கம்பமும் லேசாகச் சாய்ந்திருக்கிறதாம். மழை பிடிப்பதற்குள் ஒரு சனிக்கிழமை பெயிண்ட் டப்பாவோடு வருகிறேன். அக்கா, எனக்கும் சேர்த்து உலை வையுங்கள்.

நன்றியுடன்,
பலகைகளை வடிவமைத்தவள்