60 வோல்ட்னு எழுதியிருந்தா அது 60 இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வீட்லயே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா "மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் மூணையும் ஒரே வோல்ட்ல வாங்குங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க, அங்கதான் எனக்கு உறுத்துது. ஏன்னா வோல்ட் கணக்கு எனக்கும் தெரியும்னு நெனச்சுதான் நான் ஒரு கன்ட்ரோலரையே, அதாவது பேட்டரி கரண்ட மோட்டாருக்கு அளந்து விடற பெட்டியையே, புகைய வெச்சேன்.

என் வண்டில 48 வோல்ட் கன்ட்ரோலர், 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நாலு. ஓடிட்டு இருந்த வண்டிய சும்மா விடாம, இன்னொரு பேட்டரி சேர்த்தா ஸ்பீடு கூடுமேன்னு ஆசை. கன்ட்ரோலர தொறந்து பார்த்தேன், உள்ள கெபாசிட்டர் மேல 63 வோல்ட்னு போட்டிருந்துச்சு, அது தாங்கற எல்லை அவ்ளோதான். அஞ்சு பேட்டரி 60 தானே, இன்னும் 3 வோல்ட் மிச்சம் இருக்குன்னு ரொம்ப புத்திசாலித்தனமா கணக்கு போட்டு, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்திட்டு காலைல கனெக்சன் குடுத்தேன். கொஞ்ச தூரம் சூப்பரா போச்சு, அப்புறம் டப்புனு ஒரு சத்தம், சீட்டுக்கு அடியில புகை. சார்ஜர்ல இருந்து கழட்டின 12 வோல்ட் பேட்டரி ஒவ்வொண்ணும் 13க்கு மேலதான் காட்டும், அஞ்சும் சேர்ந்தா 65 தாண்டிடும். மல்டிமீட்டர் வீட்லயே இருந்துச்சு, வெச்சுப் பார்க்க தோணல.

இந்த 48, 60 எல்லாம் ஒரு பேர் மாதிரிதாங்க. லித்தியம் அயான் செல் 13 சீரிஸ்ல, அதாவது ஒண்ணோட ஒண்ணு வரிசையா கோத்து போட்டா 48 வோல்ட் பேக்னுதான் விக்கறாங்க, ஒரு செல் ஃபுல் ஆனா 4.2, அப்போ மொத்தம் 54.6. அதே 48ன்னு சொல்லி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 16 போட்ட பேக்கும் வருது, அது செல்லுக்கு 3.65 வீதம் 58.4 வரைக்கும் ஏறும். கன்ட்ரோலர் பார்க்கறது இந்த மேல் நம்பரைத்தான், லேபிள அதுக்குப் படிக்கத் தெரியாது.

கீழ் நம்பரும் முக்கியம், இத யாருமே சொல்றதில்ல. கன்ட்ரோலர்ல லோ வோல்டேஜ் கட் ஆஃப்னு ஒண்ணு இருக்கு, பேட்டரி வோல்ட் அதுக்குக் கீழ இறங்குனா வண்டிய நிறுத்திடும், 48 வோல்ட் கன்ட்ரோலர்ல பெரும்பாலும் 42 பக்கம், 60 வோல்ட்ல 52 பக்கம் இருக்கும். பெரிய கன்ட்ரோலர் போட்டா சேஃப்தானேன்னு 60 வோல்ட் கன்ட்ரோலர 48 வோல்ட் பேக்ல மாட்டுனா எதுவும் கருகாது, ஆனா ஃபுல் சார்ஜே 54.6 தான, கொஞ்ச நேரம் ஓடிட்டு வண்டி நின்னுடும், நாம பேட்டரி போலின்னு வித்தவர்கிட்ட சண்டைக்கு போவோம்.

மோட்டார் இருக்கே, அதுதான் மூணுல ரொம்ப சாது. 48 வோல்ட் மோட்டாருக்கு 60 குடுத்தா சுத்தற வேகம் கால்வாசி கூடும், 60 வோல்ட் மோட்டாருக்கு 48 குடுத்தா மெதுவா சுத்தும், அவ்ளோதான். அத சூடாக்கறது ஆம்ப்ஸ். ஆனா வேகம் கூடக் கூட காத்து எதிர்த்து தள்ளும், ஆம்ப்ஸும் தானா ஏறும், அதனால மேட்டுல ஓட்டிட்டு வந்து மோட்டார தொட்டுப் பார்க்கறது நல்லது.

ஆம்ப்ஸ்னு சொன்னதும் பிஎம்எஸ், அதாவது லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கற காவல் சர்க்யூட், ஞாபகம் வருது. 1000 வாட்ஸ் 48 வோல்ட்ல சுமார் 21 ஆம்ப்ஸ், ஆனா கன்ட்ரோலர் லிமிட் 30 ஆம்ப்ஸ்னா மேடு ஏறும்போது அது 30ஐயும் இழுக்கும். பிஎம்எஸ் 20 ஆம்ப்ஸ்னா பாதி மேட்டுல மொத்தமா கட் பண்ணிடும், பின்னாடி லாரி வந்துட்டு இருக்கும்போது இது விளையாட்டு இல்ல.

எனக்கு நிஜமாவே பயம் சார்ஜர பத்திதான். நிறைய பேர் லெட் ஆசிட்ட எடுத்துட்டு லித்தியம் மாத்தறாங்க, சார்ஜர் மட்டும் பழசு, அதுலயும் 48ன்னுதான் போட்டிருக்குன்னு. அந்த சார்ஜர் 58 வோல்ட் வரைக்கும் தள்ளும். 13 செல் பேக்ல அது செல்லுக்கு கிட்டத்தட்ட 4.5, அப்போ தீப்பிடிக்காம நிக்கறது பிஎம்எஸ் ஒண்ணு தடுக்கறதாலதான், அது என்னிக்காவது வேலை செய்யலன்னா ராத்திரி எல்லாரும் தூங்கற நேரத்துலதான் தெரியும்.

ஆக்சிலேட்டர் பத்தி கட்டுரைல ஒரு பாராவே எழுதியிருந்தாங்க, அதுக்கு அவ்ளோ தேவையில்ல, அதுக்கு கன்ட்ரோலரே 5 வோல்ட் குடுத்துடும், பேட்டரி எதுவானாலும் பிரச்சனை இல்ல. அதுக்குப் பதிலா ஹெட்லைட்டுக்கு நாலு பேட்டரில ஒண்ணுல இருந்து மட்டும் 12 வோல்ட் இழுக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம், அந்த ஒண்ணு மட்டும் சீக்கிரம் செத்துடும். மொத்த பேட்டரி வோல்ட்ட 12ஆ குறைச்சுக் குடுக்கற டிசி டூ டிசி கன்வெர்ட்டர்தான் சரி.

இதோட அடுத்த பாகம் வரும்னு போட்டிருந்தீங்க. அதுல ஒவ்வொரு பேட்டரிக்கும் ஃபுல் சார்ஜ்ல எத்தன வோல்ட், கட் ஆஃப் எத்தன வோல்ட்னு ரெண்டு நம்பரையும் சேர்த்து போடச் சொல்லுங்க. எரிஞ்ச கன்ட்ரோலர் இன்னும் என்கிட்டதான் இருக்கு, போட்டோ வேணும்னா அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்