அந்த லைனைக் கழித்துவிடாதே

அன்புள்ள கயல்,

உன் கடிதமும் ஜெல் படமும் வந்தன. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள், அதற்கு நீயே அவளுக்குத் தனியாகப் பதில் எழுது. குறையுள்ள பழ ஈக்களின் ஜீனை முழுக்க வரிசைப்படுத்திப் பார்த்தும் டிஎன்ஏயில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதற்கு மேலே உள்ள பகுதியை நகலெடுத்துப் பெருக்கப் போட்ட பிசிஆர் வரவே இல்லை, தனியாக வளர்த்துவரும் ஈ வம்சமான லைனே கலந்துபோயிருக்கும், கழித்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே அம்மா. உன் கடிதத்திலேயே விடைக்குப் பாதி வழி இருக்கிறது.

இறக்கை நரம்புகளில் மட்டும்தான் குறை, கண்ணும் காலும் சரியாக இருக்கின்றன என்கிறாய். ஜீனே கெட்டிருந்தால் அது வேலை செய்கிற எல்லா இடத்திலும் குறை தெரிய வேண்டும். ஓர் உறுப்பில் மட்டும் தெரிகிறதென்றால், அந்த உறுப்பில் ஜீனை வேலை செய்யச் சொல்லி உத்தரவு கொடுக்கும் டிஎன்ஏ துண்டான என்ஹான்சருக்கும் ஜீனுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அடுத்தது பிசிஆர். பிறழ்வில்லாத வைல்டு டைப்பில் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) வருகிறது, ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வுள்ள ஹெட்டரோசைகஸ் ஈயிலும் வருகிறது, இரண்டு பிரதியிலும் பிறழ்வுள்ள ஹோமோசைகஸில் மட்டும் வரவில்லை. மூன்று முறையும் அப்படியே. டிஎன்ஏ மோசமாக இருந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக ஒரே லேனில் மட்டும் தோற்காது. பிசிஆரில் நகல் நீள நீ விட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் நேரம் ஒரு நிமிடம். நகலெடுக்கும் நொதியான சாதாரண டாக் பாலிமரேஸ் அதற்குள் சுமார் 1,000 எழுத்துகளைத்தான் தாண்டும். நடுவில் 7,500 எழுத்து நீளத்தில் ஜிப்சி என்ற, இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தால் பேண்ட் எப்படி வரும்?

ஈ லைன்களை அனுப்பிவைக்கும் ப்ளூமிங்டன் ஸ்டாக் சென்டரிலிருந்து, யெல்லோ என்ற ஜீனில் பிறழ்வுள்ள யெல்லோ-2 ஈயை வரவழைத்து ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் பார். கறுநிறம் தரும் யெல்லோ ஜீன் அறவே இல்லாத ஈயில் உடல், இறக்கை, முடி எல்லாமே வெளிறிய மஞ்சள். யெல்லோ-2 அப்படி இல்லை. கார்பன் டை ஆக்ஸைடு பேடில் மயங்கிக் கிடக்கும்போது பிரஷ்ஷால் திருப்பிப் போட்டு மார்பைப் பார்த்தால், மஞ்சள் உடம்பில் முட்கள் மட்டும் கறுகறுவென்று நிமிர்ந்து நிற்கும். ஜீன் பழுதில்லை. அது படியெடுக்கத் தொடங்கும் இடத்துக்குச் சுமார் 700 எழுத்து மேலே ஜிப்சி புகுந்திருக்கிறது. உடலுக்கும் இறக்கைக்குமான என்ஹான்சர்கள் ஜிப்சிக்கும் மேலே இருக்கின்றன, அவற்றின் உத்தரவு அதைத் தாண்டி வராது. முட்களுக்கான என்ஹான்சரோ ஜீனுக்குள்ளேயே, இன்ட்ரான் என்ற இடைத்துண்டில் இருக்கிறது. வாய்க்காலை நடுவில் அடைத்தாலும் வயலுக்குள் கிணறு வைத்திருப்பவனுக்குக் கவலை இல்லை அல்லவா, அப்படித்தான்.

இதில் என்னை இன்றும் அசர வைப்பது அடுத்த பகுதி. அடைப்பது ஜிப்சியின் நீளம் அல்ல. அதற்குள் சில நூறு எழுத்து நீளமுள்ள ஒரு துண்டில் எஸ்யூ-ஹெச்டபிள்யூ என்ற புரதம் ஒட்டுவதற்குப் பன்னிரண்டு இடங்கள் உள்ளன. அந்தப் புரதம் இல்லாத ஈயில், ஜிப்சி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் உடலும் இறக்கையும் மறுபடி கறுத்துவிடும். அந்த இடத்து டிஎன்ஏயில் ஓர் எழுத்தும் மாறவில்லை, நிறம் மட்டும் திரும்பி வந்துவிட்டது! என்ஹான்சரின் உத்தரவைத் தடுக்கும் இன்சுலேட்டர் என்று இன்று எல்லாரும் பேசுகிற விஷயம் பெருமளவு இந்த மஞ்சள் ஈயிலிருந்து கற்றதுதான்.

மரபியலாளர் மார்கன் 1910-ல் கண்ட வெள்ளைக் கண் ஈயை வகுப்பில் எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! அந்தப் பிறழ்வும் டாக் என்ற தாவும் துண்டு புகுந்ததால் வந்ததுதான். (பிசிஆரில் போடும் டாக் வேறு, குழப்பிக்கொள்ளாதே.) மரபியலாளர் எட் லூயிஸின் நான்கு சிறகு ஈயில் சேர்ந்திருக்கும் பைதோராக்ஸ்-3 பிறழ்வுக்கும் காரணம் ஜிப்சிதான். இவற்றையெல்லாம் குப்பை டிஎன்ஏ என்று இன்னமும் சிலர் எழுதுவது எனக்குப் பிடிப்பதே இல்லை. மக்காச்சோளத்தில் இவற்றைக் கண்ட பார்பரா மெக்ளின்டாக், அவை தாவுவதைவிடப் பக்கத்து ஜீனை ஆட்டிவைப்பதைத்தான் 1951-லேயே அழுத்திச் சொன்னார். 1983-ல் நோபல் கொடுத்தபோதும் தாவுவதைத்தான் பாராட்டினார்கள்.

அடைப்பது மட்டும்தான் இவற்றின் வேலை என்றும் எண்ணிவிடாதே. டிடிடியைத் தாங்கும் ஈக்களில் சைப்6ஜி1 என்ற ஜீனுக்கு மேலே அக்கார்ட் என்ற துண்டு உட்கார்ந்திருப்பதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். அது அந்த ஜீனைக் கூடுதலாக வேலை செய்ய வைக்கிறது, நஞ்சை முறிக்கும் நொதி அதிகமாகச் சுரக்கிறது, ஈ பிழைத்துக்கொள்கிறது. பூச்சிமருந்து தெளித்த உலகம் முழுக்க அது பரவியும் விட்டது.

இனி நீ செய்ய வேண்டியது. நீளமான துண்டுகளுக்கென்று விற்கும் பாலிமரேஸை வாங்கி, எக்ஸ்டென்ஷனைப் பத்து நிமிடமாக்கிப் பார். ஹோமோசைகஸில் பெரிய பேண்ட் வந்தால் ஏதோ புகுந்திருக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் ஒட்டும் இடமே அழிந்துபோயிருக்கலாம், அதையும் மனதில் வை. ஜிப்சியாகத்தான் இருக்கும் என்று அடம்பிடிக்காதே, ரூ, கோபியா என்று தாவும் துண்டுகள் எத்தனையோ உண்டு. உள்ளே இருப்பது எதுவென்று தெரியாமலே ஓரத்தைப் பிடிக்க இன்வர்ஸ் பிசிஆர் இருக்கிறது.

இன்னொன்று. காட்டு ஈயோடு கிராஸ் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். திசையைப் பார்த்துச் செய். கேன்டன்-எஸ் போன்ற பழைய லேப் ஈக்களில் பி எலிமென்ட் என்ற தாவும் துண்டு கிடையாது, இன்றைய காட்டு ஈக்களில் உண்டு. காட்டு ஆணையும் லேப் பெண்ணையும் சேர்த்தால் பி எலிமென்ட் குஞ்சுகளின் இனப்பெருக்க செல்களில் கட்டறுத்துத் தாவும். 29 டிகிரியில் வளர்த்தால் குஞ்சுகள் மலடாகவே போய்விடும். காட்டுப் பெண்ணாக இருந்தால் அவளுடைய முட்டையிலேயே அதை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்கள் வந்துவிடுகின்றன. ஆகவே பெண் காட்டிலிருந்து, ஆண் உன் லைனிலிருந்து. மாற்றிப் போட்டால் உன் பிறழ்வோடு புதிதாகப் பத்துப் பிறழ்வு கலந்து, எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

ஜிப்சிதான் என்று உறுதியானால் எஸ்யூ-ஹெச்டபிள்யூ பிறழ்வைக் கிராஸில் உள்ளே கொண்டுவா. அதில் ஹோமோசைகஸ் பெண் ஈக்கள் மலடு, அதனால் ஸ்டாக்கை, பிறழ்வு தலைமுறைகளில் தொலைந்துபோகாமல் காக்கும் பேலன்சர் குரோமோசோமோடுதான் வைத்திருக்க வேண்டும். நரம்புகள் சரியாகிவிட்டால் உனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இதெல்லாம் முடியும்வரை இரண்டு ஈக் குப்பிகளை 18 டிகிரியில் தனியாக எடுத்து வை. லேபில் யார் இடம் கேட்டாலும் கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கிராஸ் திட்டத்தைக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள், குரோமோசோம் குரோமோசோமாகச் சேர்ந்து சரிபார்ப்போம்.

அன்புடன்,
அப்பா